மவுசுக்குள் இருந்த இரும்புத் துண்டு

1. அன்று அந்த அறையில்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கம்ப்யூட்டர் சென்டரின் உரிமையாளர் ராஜவேல் சார். அங்கே பாடம் நடத்தும் பரிமளா மிஸ். ஊரில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கும் என் முதலாளி அன்வர் பாய். பாய் கடைக்கு மவுஸ், கீபோர்டு சப்ளை செய்யும் சென்னைக் கம்பெனியின் ஆள் விவேக், டை கட்டியிருந்தார். பெண்ணாடத்திலிருந்து மகளுக்கு ஃபீஸ் கட்ட வந்து, சண்டை நடப்பதைப் பார்த்ததும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்ட கரும்பு விவசாயி கலியபெருமாள். ஆறாவது ஆள் நான், கொளஞ்சிநாதன், பாய் கடையின் சர்வீஸ் ஆள். அந்த ஆறு பேரில் திருடன் என்று பெயர் வாங்கிக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.

இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு விருத்தாசலத்தில் பல பேர், “நானும் அன்னிக்கி அங்கதான் இருந்தேன்” என்று சொல்லிக்கொண்டார்கள். இல்லை. ஆறு பேர்தான். நான் எண்ணி வைத்திருக்கிறேன். பயந்த சுபாவக்காரன் எதையும் எண்ணி வைப்பான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை, காலை. ராஜவேல் சார் ஒவ்வொரு மவுசாக வாலைப் பிடித்துத் தூக்கி மேசைமேல் போட்டார்.

“மூணு மாசம்யா. ஜூன்ல வாங்குனது. இருவத்தஞ்சு மவுசுல பதினெட்டு போச்சு. நல்லத கழட்டிக்கினு போயி டூப்ளிகேட்ட மாட்டுனது யாரு?”

“சார், நான் க்ளீன் பண்றதுக்குத்தான்...”

“வூட்டுக்கு எடுத்துக்கினு போயி க்ளீன் பண்ணியா? மவுச வூட்டுக்குக் கொண்டு போயி குளிப்பாட்டி, தலை தொவட்டி எடுத்துக்கினு வந்தியா?”

கலியபெருமாள் சிரித்துவிட்டார். போன வாரம் ஆறு மவுசைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனது உண்மை. கடையில் வெளிச்சம் போதாது, வீட்டில் நல்ல விளக்கு இருந்தது. யாரிடமும் சொல்லாமல் எடுத்துப் போனது என் தவறு.

கோளாறு என்னவென்றால், மவுசின் இடது பட்டனை ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை அழுத்தியதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. வீட்டில் பாட்டு கேட்பவருக்கு இது தொல்லை, அவ்வளவுதான். அந்த சென்டரில் தேர்வையே கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் குறித்துவிட்டு ‘நெக்ஸ்ட்’ அழுத்தினால் அடுத்த கேள்வி வரவேண்டும். இங்கே அதையும் தாண்டி அதற்கடுத்த கேள்வி வந்தது. திரும்பிப் போக அந்தத் தேர்வில் வழி கிடையாது. வெள்ளிக்கிழமை மாதிரித் தேர்வு வைத்தபோது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூடப் பாதிக் கேள்வியைக் கண்ணால் பார்க்காமலேயே ஃபெயிலாகிவிட்டார்கள். உண்மையான தேர்வு திங்கட்கிழமை. அதை மேற்பார்வை பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்.

எனக்கு என்ன ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த சென்டர்தான் பாய் கடைக்குப் பெரிய ஏ.எம்.சி., அதாவது வருடம் முழுக்கப் பராமரிக்கும் கான்ட்ராக்ட். அது போனால் என் சம்பளம் போகும். அதைவிடப் பெரியது பெயர். சர்வீஸ் ஆள் போகிற ஆபீசில் முதலாளி இருக்க மாட்டார், மேசை டிராயர் திறந்தபடி கிடக்கும், நம்மைத் தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திருடன் என்ற பேச்சு ஒருமுறை வந்துவிட்டால் இந்த ஊரில் எந்தக் கதவும் அப்படித் திறக்காது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு வேலையும் தெரியாது.

2. எல்லாப் பழியும் பவுடர்மேல்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் நான் பீங்கான் யூனிட்டில் நான்கு வருடம் வேலை செய்தேன். பிறகு கைத்தொழில் மாதிரி ரேடியோ, டேப் ரிப்பேர் கற்றுக்கொண்டு, தொண்ணூற்றெட்டில் அன்வர் பாய் கடையில் சேர்ந்தேன். பாய் குவைத்தில் சம்பாதித்த பணத்தில் போட்ட கடை அது. அன்றைக்கு விற்ற கீபோர்டை இன்றைய பிள்ளைகள் ஒரு கையால் தூக்க யோசிப்பார்கள். லாரி ஆபீஸ் ஒன்றில் மேசை சாய்ந்து கீபோர்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. தரையில் ஒரு சில்லு பெயர்ந்தது, கீபோர்டு ஓடியது. எழுத்துகள் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே வார்த்தவை, ஐந்து வருடம் தட்டினாலும் ‘A’ ‘A’யாகவே இருக்கும். மவுசும் அப்படித்தான். அடியில் ரப்பர் பூசிய கனமான குண்டு ஒன்று உருளும். மாதம் ஒருமுறை வளையத்தைத் திருகிக் குண்டை எடுத்து, உருளைகளில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டால் போதும்.

இரண்டாயிரத்தைத் தாண்டியதும் விலை இறங்க ஆரம்பித்தது. எல்லோருக்கும் சந்தோஷம். கூடவே வேறு சிலதும் இறங்கின. ஒயர் மெலிந்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓரமாகச் சாய்ந்து மாட்டிக்கொண்டது. எழுத்துகளை மேலே மை மாதிரி அச்சடித்து அனுப்பினார்கள். இரண்டே மாதத்தில் முதலில் ‘A’, பிறகு ‘E’, பிறகு ‘S’ என்று ஒவ்வொன்றாக அழிந்தன. லாரி ஆபீஸ் கிளார்க் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“என்னா கொளஞ்சி, எழுத்தெல்லாம் வழிச்சித் தின்னுட்டியா? சம்பளம் போதலன்னா பாய்கிட்ட கேக்கறதுதானே?”

இதற்கெல்லாம் எங்களிடம் ஒரே பதில் இருந்தது. பவுடர். எங்கள் ஊரில் களிமண் பவுடர் இல்லாத இடமில்லை. யூனிட்டுகளைச் சுற்றி மரத்து இலை வெளுத்திருக்கும். ஃபேன் நின்றால் பவுடர். மோட்டார் எரிந்தால் பவுடர். இருமல் வந்தால் பவுடர். ஆகவே மவுஸ் போனாலும் பவுடர்.

“பவுடருங்க. நம்ம ஊரு அப்படி” என்று பாய் சொல்வார். நானும் சொன்னேன். எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன் என்பதைத்தான் நான் எண்ணி வைக்கவில்லை.

பொய் என்று எனக்குத் தெரியும். பெண்ணாடம் பக்கம் சர்வீசுக்குப் போவேன். அங்கே களிமண் பவுடர் எங்கே இருக்கிறது? அங்கேயும் அதே மவுஸ், அதே மாதிரி, அதே மூன்று நான்கு மாதத்தில் போயிற்று. பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. முதலாளி விற்கிற சரக்கை மட்டம் என்று சொல்ல சம்பளக்காரனுக்குத் தைரியம் ஏது?

ராஜவேல் சாரின் சென்டரில்தான் அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை. ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு, செருப்பை வெளியே விட வேண்டும். பரிமளா மிஸ் சாக்பீஸைக்கூட உள்ளே விடமாட்டார். சரக்கு நல்லது, பவுடர்தான் கெடுக்கிறது என்று ராஜவேல் சாருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே நாங்கள். பவுடர் இல்லாத அறையில் நல்ல சரக்கு கெட்டால் அவர் வேறு என்ன நினைப்பார்? யாரோ மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அவர் போட்ட கணக்கில் தப்பில்லை. நாங்கள் கொடுத்த விவரம்தான் தப்பு.

3. அடியில் கீறுவது

விவேக் ஒரு மவுசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “எங்க பீஸ் இப்படி ஆகவே ஆகாது சார். லோக்கல்ல மாத்தியிருக்காங்க” என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

நான் பாயைப் பார்த்தேன். பாய் ஜன்னலைப் பார்த்தார்.

“போலீசுக்குப் போகட்டுமா, நீயே சொல்றியா?” என்றார் ராஜவேல் சார்.

அந்த நேரத்தில் எனக்கு யோசனை என்று எதுவும் வரவில்லை. பழக்கம்தான் வந்தது. மவுசின் அடி வளையத்தைத் திருகினேன். கை நடுங்கி வளையம் கீழே விழுந்து ஓட, கலியபெருமாள் குனிந்து எடுத்துக் கொடுத்தார். குண்டை வெளியே எடுத்துவிட்டு, அது இருந்த குழியை வெளிச்சத்தில் காட்டினேன்.

“உள்ள பாருங்க சார்.”

மூன்று கோடு, பக்கத்தில் பதினேழு என்ற எண், ஆறு என்ற எண். ஊசியால் கீறியது.

“என்னாய்யா இது?”

பீங்கான் யூனிட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். பொம்மையை அச்சிலிருந்து எடுத்ததும், காய்வதற்குள் அடியில் அவரவர் குறியைக் கீறிவிட வேண்டும். சூளையிலிருந்து வரும்போது எது வெடித்திருக்கிறதோ, அது அந்தக் குறிக்காரர் கூலியில் கழியும். அடுத்தவன் விரிசல் என் கணக்கில் வந்துவிடுமோ என்று பயந்து, காதில், முதுகில் என்று இரண்டு மூன்று இடத்தில் கீறுவேன். மேஸ்திரி திட்டுவார். அங்கிருந்து வந்தும் அந்தப் பயம் போகவில்லை. நான் மாட்டுகிற எந்த மவுசிலும் குண்டுக் குழிக்குள் என் குறியும், சிஸ்டம் நம்பரும், மாதமும் கீறாமல் கொடுக்க மாட்டேன். ஸ்டிக்கர் ஒட்டினால் கை வியர்வையில் உரிந்துவிடும்.

இதைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். பரிமளா மிஸ் தானே உட்கார்ந்து பதினெட்டையும் திருகிப் பார்த்தார். பதினெட்டிலும் மூன்று கோடு, ஆறாம் மாதம்.

“இத நேத்து கீறியிருக்கலாமே?” என்றார் விவேக்.

அதற்குப் பதில் பரிமளா மிஸ்ஸிடமிருந்து வந்தது.

“இல்லைங்க, நான் பாத்தேன். ஜூன்ல மாட்டும்போதே இவரு ஊசிய வெச்சிக்கினு ஒவ்வொண்ணா கீறிக்கினு இருந்தாரு. என்னாங்க, மவுசுக்கு ஜாதகம் எழுதுறீங்களான்னுகூட கேட்டேன். மொகம் செவந்து போச்சு அவருக்கு.”

அப்போதும் சிவந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விவேக் விடவில்லை. “அப்ப தூசியா இருக்கும் சார். இந்த ஊர்ல களிமண் பவுடர் ஜாஸ்தி. உங்க பாயே என்கிட்ட சொல்லுவாரு.”

எங்கள் பொய் சென்னைக்குப் போய், டை கட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். மவுசைப் பிரித்து, மிஸ்ஸிடம் ஒரு கறுப்புக் கார்பன் தாள் கேட்டு, அதன்மேல் கவிழ்த்துத் தட்டினேன். வெள்ளைத் தூசி ஒரு பொட்டு விழவில்லை. விழுந்தது வேறு. கட்டை விரல் அளவு இரும்புப் பட்டை ஒன்று, பசை விட்டு, ‘டணங்’ என்று மேசையில் விழுந்தது.

“இது என்னா?” என்றார் ராஜவேல் சார்.

“அது... பேலன்ஸுக்கு” என்றார் விவேக்.

கலியபெருமாள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “எதுக்குத் தம்பி?”

“வெயிட் இருந்தாத்தான் கைக்கு நல்லா இருக்கும்.”

“நாங்க கரும்பு லோடுல கல்ல வெச்சி ஏத்தினா அதுக்குப் பேரும் பேலன்ஸா? மில்லு எடை மேடையில வந்து இந்த வார்த்தைய சொல்லிப் பாரு தம்பி. உன்னையும் சேத்து நசுக்கி சாறு புழிஞ்சிடுவானுங்க.”

பரிமளா மிஸ் முதலில் சிரித்தார், அப்புறம் ராஜவேல் சார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. டூல்ஸ் பையில் சோதனைக்கென்று ஒரு பழைய மவுஸ் எப்போதும் வைத்திருப்பேன். அதையும் பிரித்தேன். இரண்டின் இடது பட்டனுக்குக் கீழே இருக்கும் சின்ன ஸ்விட்சுகளின் மூடியை நெம்பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் செம்புத் தகடு விரலால் அழுத்தினால் விறைப்பாக எழுந்தது. புதியதில் இருந்தது மிட்டாய்க் காகிதம் மாதிரி மெலிசு. மூன்று மாதத்தில் களைத்து, ஒரு அழுத்தத்துக்கு இரண்டுமுறை துடித்துக்கொண்டிருந்தது.

இனிமேல்தான் கஷ்டமான இடம். நான் தப்பித்தாயிற்று. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் மூடினால் அடுத்த மாதம் வேறொரு ஆபீசில் இதே சண்டை வரும், அங்கே ஒரு பரிமளா மிஸ் இருக்க மாட்டார்.

“சார், பவுடர்னு இத்தினி நாளா சொன்னது பொய். நானுந்தான் சொன்னேன். சரக்கே மட்டமாயிப் போச்சு.”

சொல்லிவிட்டு பாய் பக்கம் திரும்பவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். மனசுக்குள் அந்த மாத வாடகையைக்கூட யோசித்துவிட்டேன்.

பாய் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். “நெசந்தாங்க. கடை போட்ட புதுசுல வித்த சரக்கு இன்னும் ஓடுது. வெல கொறையக் கொறைய, பக்கத்துக் கடைக்காரன் விக்கிறானேன்னு நானும் வாங்குனேன். கேக்குறவங்களுக்கு பவுடர்னு சொன்னேன். பொய் சொன்னவன் நானு. எங்க கொளஞ்சி திருடல. அத மட்டும் நீங்க உங்க வாயால சொல்லிடுங்க.”

ராஜவேல் சார் என்னைப் பார்த்தார். “திருடல” என்றார். பிறகு விவேக்கைப் பார்த்தார். “திங்கக்கெழம பரீட்சை. என்னா பண்ணப்போற?”

4. இரண்டு நாளில் இருபத்தைந்து

புது மவுஸ் வர ஒரு வாரம் ஆகும் என்றார் விவேக். வந்தாலும் இதே மிட்டாய்க் காகிதம்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உள்ளூர்க் கடைகளிலும் அதே சரக்குதான்.

நான்தான் சொன்னேன், செய்கிறேன் என்று. சொன்ன பிறகுதான் பயந்தேன். பாய் கடைப் பரணில் ஒரு சாக்கு கிடந்தது. பழைய மாடல் மவுஸ்கள். ஒயரின் முனை புதிய மெஷின்களில் பொருந்தாது என்பதால் கழித்துப் போட்டவை. முனைதான் பழசு, உள்ளே இருக்கும் ஸ்விட்ச் பழைய நல்ல ஸ்விட்ச். புதியதில் இருப்பது போலவே அதற்கும் மூன்று கால், ஒரே இடைவெளி. ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னை வைத்துப் பழையதை எடுத்துப் புதியதில் உட்கார வைத்தால் வேலை முடிந்தது. பதினெட்டை மட்டும் மாற்றினால் போதாது, மீதி ஏழும் பரீட்சை நடுவில் காலை வாரும். இருபத்தைந்தையும் மாற்ற வேண்டும்.

சாக்கைப் பிரித்துத் தேறியதை எடுத்ததில் இருபத்திரண்டு ஸ்விட்ச் வந்தது. மூன்று குறைந்தது. அதற்கும் வழி இருந்தது. வலது பட்டனை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை, பரீட்சையில் அதற்கு வேலையே இல்லை. மூன்று மவுசில் வலதுபக்க ஸ்விட்சை இடதுபக்கம் மாற்றினேன். மட்டமான ஸ்விட்ச்தான், ஆனால் உழைக்காத ஸ்விட்ச். ஒரு நாளைக்குத் தாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்டரைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் முடித்துக் கொடுக்கக் கொடுக்க, பரிமளா மிஸ் ஒவ்வொன்றையும் மாட்டி நூறு தடவை அழுத்திப் பார்த்தார். ஒன்று இரட்டிப்பாக அடித்தாலும் திரும்ப என்னிடம் வரும். இரண்டு வந்தன. கலியபெருமாள் மகளையும் அழைத்துக்கொண்டு மறுபடி வந்துவிட்டார்.

“எம் பொண்ணு எந்த மிஷின்ல உக்காருது?”

“ஒன்பதுங்க.”

“அப்ப ஒன்பத நானே அழுத்திப் பாக்குறேன்.” அவர் நூறோடு நிறுத்தவில்லை. ஐந்நூறு வரை எண்ணினார். “இது கன்னு போடாதுய்யா. ஒண்ணு குத்துனா ஒண்ணுதான்” என்று சான்றிதழ் கொடுத்தார்.

திங்கட்கிழமை நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு மணி நேரம். உள்ளே ஒரு பிள்ளை தலையைச் சொறிந்தாலும் மவுஸ் போய்விட்டது என்று நினைத்தேன். இரண்டுமுறை பாத்ரூம் போய் வந்தேன். கடைசியில் பரிமளா மிஸ் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

“கொளஞ்சி சார், இருவத்தஞ்சு பேரும் எல்லா கேள்வியும் பாத்துட்டாங்க. ஒண்ணுகூட தாவல.”

எட்டாவதோடு நின்ற என்னை ஒரு டீச்சர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். பாதித் தெரு போன பிறகுதான் தெரிந்தது.

ராஜவேல் சார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அடுத்த வருட ஏ.எம்.சி. தாளில் டைப் அடித்ததற்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: ‘சர்வீசுக்குக் கொளஞ்சிநாதன் மட்டும் வரவேண்டும்.’ பாய் அந்தத் தாளை இரண்டு வாரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார்.

கடையும் மாறியது. பாய் இரண்டு தினுசு சரக்கு வைத்தார். மலிவுக்கு மலிவு, விலைக்கு விலை. வாங்க வருகிறவர் முன்னால் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டியது என் வேலை. பிரித்தெடுத்த இரும்புப் பட்டைகளை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு மேசைமேல் வைத்தார். சேத்தியாத்தோப்பிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள், “அந்த இரும்பு எங்கங்க?” என்று கேட்டு, குலுக்கிப் பார்த்துவிட்டு, விலை கூடின மவுசை வாங்கிப் போனார்கள். பவுடர் என்ற சொல்லை அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் சொல்லவில்லை, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தவிர.

5. ஒரு தாள்

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சின்ன விஷயம்தான். எந்த ஊரிலும் பழி போடத் தோதாக ஒன்று தயாராக இருக்கும். எங்களுக்குப் பவுடர், கடலோரத்தில் உப்புக் காற்று, இன்னொரு ஊரில் கரண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை. எனக்கு இன்றுவரை நடுங்குகிறது. கனத்தைக் கண்டு தரம் என்று நம்ப வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை விவேக் கிளம்பும்போது ராஜவேல் சார் கதவை மறித்துக்கொண்டு, கம்பெனி லெட்டர்பேடில் எழுதி வாங்காமல் விடவில்லை. மவுசின் ஸ்விட்ச் தரக்குறைவானது என்று கம்பெனி ஒப்புக்கொள்கிறது. மாற்றும் கூலி, மவுசுக்குப் பதினைந்து ரூபாய் வீதம், கம்பெனி தரும். கீழே விவேக்கின் கையெழுத்து, சீல். நான் மூன்று கடிதம் போட்டேன், நான்கு முறை போன் செய்தேன். தாளின் அசலை அனுப்பினால் பணம் தருகிறோம் என்றார்கள். பாய் அனுப்பச் சொன்னார். முதலாளி பேச்சை நான் கேட்காதது அந்த ஒருமுறைதான்.

அனுப்பியிருந்தால் பணம் வந்திருக்கும், தாள் போயிருக்கும். மவுஸ் செய்து விற்ற கம்பெனி, தவறு எங்கள் பேரில்தான், இந்த ஆள் பேரில் இல்லை என்று எழுதிக் கொடுத்த தாள் அது. லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை இருக்கிறதா என்று திறந்து பார்ப்பேன். இருக்கிறது.

வர வேண்டிய பாக்கி: முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய்.